எஸ்தருக்காக எழுந்து நின்றவர்கள்

என் மனைவியை அடக்கம் செய்த அன்று எனக்குப் பொறாமை வந்தது. வேறு யார்மீதும் இல்லை, அவள்மீதுதான். பெட்டிக்குள் கிடந்தவள்மீது!

சொல்லிவிட்டேன். நீங்கள் முகம் சுளிக்கலாம். 'என்ன மனுஷன் இவன்' என்று பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். போங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் இருக்கிறவர்களுக்கு மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பொறாமை வந்தது மட்டும் என் குற்றமில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது...

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், வாழையும் நெல்லும் விளைகிற சிற்றூர் எங்களுடையது. ஒரு கிறிஸ்தவக் கோவில், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே என் காலம் கழிந்தது. ஊரில் எல்லோரும் என்னைச் 'சார்வாள்' என்பார்கள். என் கையால் அடி வாங்காத இளவட்டம் அந்த ஊரில் அநேகமாக இல்லை.

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் அல்லள். மேடையில் பேசியவளும் அல்லள். வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான்... அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பெட்டி தோட்டத்து வாசலுக்கு வந்துவிட்டது. கூட்டத்தின் கடைசியோ இன்னும் வாய்க்கால் பாலத்தைத் தாண்டவில்லை! வாழைத்தோட்டத்து வேலையாட்கள், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்த மீன்காரிகள், அக்கரையிலிருந்து பரிசலில் வந்தவர்கள். பாதிப் பேரை எனக்கு யாரென்றே தெரியவில்லை. அவர்கள் மரியாதைக்கு வந்து நிற்கிறவர்கள்போல நிற்கவில்லை. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள்.

'எனக்கு இத்தனை பேர் வருவார்களா?'

ஆம்... அப்போது என் மனத்தில் ஓடியது இதுதான். வருவார்கள். பழைய மாணவர்கள் வருவார்கள். மாலை வரும். ஆனால் இப்படி மூக்கைச் சிந்துவார்களா? மாட்டார்கள் என்று தெரிந்தது. வயிறு எரிந்தது. பக்கத்தில் நடந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் பாக்காதீங்க சார்வாள், வீட்ட நெனச்சா மனசு தாங்காது" என்றார். நான் வீட்டைப் பார்க்கவில்லை. தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறாமை அன்று புதிதாய் முளைத்ததல்ல. தெருவில் நாங்கள் சேர்ந்து நடந்தால் என்னைக் கண்டவர்கள் துண்டை இறக்கி ஒதுங்குவார்கள். அவளைக் கண்டவர்களோ சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் மனுவோடு வருவார்கள், மாற்றுச் சான்றிதழுக்கு வருவார்கள். பின்வாசலில் அவளைப் பார்க்க வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சுச் சத்தம் கேட்கும். சில வேளை அழுகை, சில வேளை வெடிச்சிரிப்பு. நான் அடுக்களைப் பக்கம் போனால் சத்தம் நின்றுவிடும்.

"யாரு எஸ்தர்?" என்பேன்.

"சும்மாதான், நம்ம அற்புதம் வந்தா" என்பாள்.

சும்மாவாம்! சும்மா வருகிறவள் ஏன் அழுதுவிட்டுப் போகிறாள்? கேட்க நா எழும். கேட்கமாட்டேன். தலைமையாசிரியன் பின்வாசல் சமாசாரத்தைக் கேட்பதாவது! அந்த வீறாப்பிலேயே காலம் போய்விட்டது.

இனி எங்கள் கோவில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் என் பாவம் உங்களுக்குப் புரியாது.

ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆராதனையில், அந்த ஆண்டு மரித்த சபையார் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒருவர் எழுதி வாசிக்கவேண்டும். வாசித்து முடித்ததும், "சேர்த்துச் சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்பார். சொல்ல இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். கடைசி ஆளும் உட்கார்ந்த பிறகு வாசித்தவர் கையைத் தூக்குவார். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மணிக்கயிற்றை ஒரே ஒரு முறை இழுப்பார். மணி விழுந்தால் அந்த மனிதரைப் பற்றிய பேச்சு முடிந்தது. அதற்குமேல் சபையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அடுத்த பெயருக்குப் போய்விடவேண்டும்.

வாசிக்கிறவன் நான்தான், பல ஆண்டுகளாக. என் தமிழுக்கு அப்படி ஒரு பேர்! வாழைத்தார் வியாபாரி ஏசுவடியான் அண்ணாச்சி கடைவாசலில் என்னை மறித்து, "ஏ சார்வாள், நான் போனா என்னயப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடும் வே. எடையில கை வச்சதை எல்லாம் எழுதிப்பிடாதேயும்!" என்று கேலி செய்வார். உயிரோடு இருக்கிறவர்களே என் எழுத்துக்கு ஏங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு எஸ்தரின் பெயரும் வந்தது. "நீங்க எழுதவேண்டாம் சார்வாள், வேற யாராவது பாத்துக்கிடட்டும்" என்று குருவானவர் சொன்னார். நான் விடவில்லை. விட்டிருக்கலாமே!

என்ன எழுதினேன் தெரியுமா? 'எஸ்தர் அம்மாள் நமது முன்னாள் தலைமையாசிரியரின் துணைவியார். பிள்ளைகள் இருவரையும் நன்முறையில் வளர்த்தார். விருந்தோம்பலில் சிறந்து விளங்கினார். கணவரின் கல்விப் பணிக்கு உறுதுணையாக நின்றார்.' தீர்ந்தது! அதே ஆண்டு போன சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தேன்... அவர் பங்க்சர் ஒட்டும் நேர்த்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. என் மனைவிக்கு நான்கு வரி. அந்த நான்கிலும் இரண்டில் நான் நுழைந்து உட்கார்ந்திருந்தேன்.

வாசித்தேன். "சேர்த்துச் சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்டேன்.

பெஞ்சுகள் கிரீச்சிட்டன.

எழுந்தார்கள்! பெண்கள் பக்கம் முதலில் அற்புதம். வாழை இலை அறுக்கிறவள், கணவனை இழந்தவள். அவளுக்குப் பின்னால் வரிசையாக இன்னும் சிலர். ஆண்கள் பக்கம் ஏசுவடியான் அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கதவு நிலையில் இன்னொருவன் நின்றான். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் சுடலை. எங்கள் வேதக்காரன், கிறிஸ்தவன்கூட அல்லன். கோவில் படியேறி நான் பார்த்ததே இல்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், அவனும் நின்றான்... சொல்வதற்கு!

அதுவரை யாருக்கும் இத்தனை பேர் எழுந்து நான் கண்டதில்லை. இருபது ஆண்டு கோவில் கணக்குப் பார்த்த மூப்பருக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். பின்வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு இத்தனையா? நான் எழுதிய நான்கு வரி இவர்களுடைய வாய்க்கு முன்னால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு... என்றாவது என் பெயரை வாசிக்கும்போது, இந்தக் கோவில் இந்தக் காலையை நினைத்துக்கொள்ளாதா?

நான் கையைத் தூக்கினேன்.

கோயில்பிள்ளை ஞானமுத்து கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இழுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "சார்வாள்... ஆளுக நிக்காவளே" என்றார்.

"அடியும் வே" என்றேன்.

அடித்தார்.

மணி விழுந்ததும் கோவில் அப்படியே அடங்கிவிட்டது. திறந்த வாயை அற்புதம் முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். கதவு நிலையைப் பார்த்தேன். சுடலை இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அடுத்த பெயரை வாசித்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வசவு விழும் என்று எதிர்பார்த்தேன். ஒருவராவது, 'என்ன வே இப்படிப் பண்ணிட்டீரு' என்று சட்டையைப் பிடித்திருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன். நடந்தது வேறு. ஏசுவடியான் அண்ணாச்சி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்குப் புத்தி இல்ல சார்வாள். கேட்டா நீரு தாங்குவீரா? நாங்க பாட்டுக்கு எந்திரிச்சிட்டோம். மன்னிச்சிரும் வே."

என்னிடம் மன்னிப்பு! நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலில் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. சார்வாளுக்குப் பெண்டாட்டி என்றால் உயிர். அவள் பேச்சை எடுத்தால் தாங்கமாட்டார். அவர் காதில் அவள் பெயர் விழக்கூடாது... இதுதான் முடிவு. நல்ல ஜனங்கள்! அன்றுமுதல் கட்டுக்கோப்பாகக் காப்பாற்றி வருகிறார்கள். தெருக்குழாயடியில் பெண்கள் எஸ்தரைப் பற்றி ஏதோ சொல்லிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும், "ஏளா, சும்மா கெடங்க, சார்வாள் வாராவ" என்று ஒருத்தி அதட்டுவாள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

என்ன சொல்லிச் சிரித்தார்கள்? அவள் சொன்ன கேலியா? என்னைப் பற்றியா? அவளோடு முப்பது ஆண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தவன் நான். என்னிடம் இல்லாத எஸ்தர் இவர்களிடம் இருக்கிறாளே! ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள். முன்பு அவள்மீது பொறாமைப்பட்டேன். இப்போது குழாயடியில் நிற்கிற ஒவ்வொருத்திமீதும் பொறாமைப்படுகிறேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் வாழைத்தோட்டத்துக்கே போய்விட்டேன். சுடலை வரப்பை வெட்டித் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏலே சுடலை, அன்னைக்குக் கோயில் வாசல்ல நின்னியே... என்ன சொல்ல வந்தே?"

அவன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினான்.

"அதெல்லாம் எதுக்கு சார்வாள் இப்ப? அன்னைக்கு நாலு பேரு முன்னால சொல்லணும்னு வந்தேன். அம்மாவுக்குச் செய்யுத மரியாதை அது. இப்ப ஒங்ககிட்ட மட்டும் தனியாச் சொன்னா என்னமோ போல இருக்கும். நீங்களும் தாங்க மாட்டீய. வெயிலா இருக்கு, பைய வீட்டுக்குப் போங்க."

ஒரு கூலிக்காரன் எனக்கு இரக்கம் காட்டி அனுப்பிவைத்தான். 'டேய், நான் தாங்குவேன்டா, அன்று மணியடிக்கச் சொன்னது துக்கத்தால் அல்ல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வரப்பிலே பைய நடந்து வந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவராய்ப் போனார்கள். ஏசுவடியான் அண்ணாச்சி மாரடைப்பில் போனார். எடையில் கை வைத்ததை விட்டுவிட்டு, கேட்டபடியே அவருக்கு நல்லதாக எழுதினேன். வாசிக்கும்போது நெஞ்சில் தைத்தது... எஸ்தரைப் பற்றி இவர் சொல்ல எழுந்தது எதுவோ, அதுவும் இவரோடு போய்விட்டதே! பெண்கள் வரிசையிலும் ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள். வேலைக்குப் போன ஊரில் சுடலை செத்ததாகச் செய்தி வந்தது. ஞானமுத்துவும் போய்விட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்த ஒரே ஆள் அவர். அதன்பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவர் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று எழுந்தவர்களில் மிச்சம் இருப்பவள் அற்புதம் ஒருத்திதான். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். கண் மங்கிவிட்டது அவளுக்கு. குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டாள். இந்தமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, மணியைப் பற்றிச் சொல்லிக் காலில் விழுந்தாவது கேட்டுத் தெரிந்துகொள்வது என்றுதான் போனேன்.

"அற்புதம், எஸ்தரைப் பத்தி..." என்று தொடங்கினேன். குரல் உடைந்துவிட்டது.

அவள் தடவித் தடவி என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் சார்வாள், வேண்டாம். இத்தன வருசம் ஆகியும் பாருங்க, பேரைச் சொன்னா ஒடைஞ்சு போறீய. ஒங்கள மாதிரி பெண்டாட்டி மேல உசுரா இருந்த ஆம்பளைய நான் கண்டதில்ல. எனக்கு ஒரு காலத்துல அக்கா மேல பொறாமையாக்கூட இருக்கும். குடுத்து வச்சவ!"

பொறாமை! அந்தச் சொல்லை அவள் சொல்கிறாள்... நான் அப்போதாவது வாய் திறந்திருக்கவேண்டும். திறந்தேனா? அவள் பிடித்த கை கதகதப்பாக இருந்தது. ஒருவர் என் கையை அப்படிப் பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டியிருந்தது. தலையை ஆட்டினேன். அவளுக்குக் கண் தெரியாது என்பதால், "ஆமா" என்றும் சொன்னேன்.

வாசிக்கும் பொறுப்பை இந்த ஆண்டு வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். என் பெயரையும் அவர்தான் வாசிப்பார். நன்றாக எழுதுகிறவர், என் மாணவர். வாசித்து முடித்ததும், "சேர்த்துச் சொல்ல யாராவது உண்டா?" என்று கேட்பார். பயப்பட வேண்டியதில்லை, எனக்கும் எழுந்து நிற்பார்கள். நிறையப் பேர் நிற்பார்கள். பாடம் நடத்தியதற்காக அல்ல, என் தமிழுக்காகவும் அல்ல. எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்... மனைவியின் பெயரைக்கூடக் கேட்கத் தாங்காத மனிதர் என்று. மூக்கைச் சிந்துவார்கள்.

'இல்லை' என்று சொல்ல ஞானமுத்து இருக்கமாட்டார். கடைசி ஆள் உட்கார்ந்ததும் மணியடித்துவிடுவார்கள்.