துணைக்கு டீச்சர் வர்றாங்க

தனியா ஊர் சுத்துறதுல பெரிய கஷ்டம் எதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பயம்பாங்க, பாஷைம்பாங்க, சாப்பாடும்பாங்க. எல்லாம் சும்மா. கக்கூஸுக்குப் போகும்போது பையைப் பார்த்துக்க ஆள் இருக்காது, அதுதான் கஷ்டம். பன்னெண்டு கிலோ பையை முதுகுல மாட்டிக்கிட்டு, அந்தப் பொட்டி மாதிரி அறைக்குள்ள திரும்பவும் முடியாம, கதவைச் சாத்தவும் முடியாம நின்னவங்களுக்குத்தான் தெரியும். பவர்க்காரிக்கு எட்டு வருஷமா தெரியும்.

பவர்க்காரின்னா பெரிய அதிகாரம்னு நினைச்சுடாதீங்க. கண் டாக்டர்கிட்ட வேலை. இருட்டு ரூம்ல உங்களை உட்கார வெச்சு, மூக்குமேல கனமா ஒரு ஃப்ரேமை மாட்டி, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா"ன்னு கேட்பாங்களே, கண்ணுக்குப் பவர் பார்க்கிற அந்தப் பொம்பளை. வயசு நாப்பத்தேழு. கல்யாணம் ஆகலை, அதுக்காக மூலையில உட்கார்ந்து அழவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தாச்சு, அண்ணன் குடும்பத்தோட வேற ஊர்ல. வீட்டுல அவளும் அம்மாவும்தான். வருஷம் பூரா லீவு எடுக்காம சேர்த்து வெச்சு, கிடைக்கிறதுலயே மட்டமான டிக்கெட்டைப் போட்டு, ஒரே ரூம்ல எட்டுப் பேரு அடுக்குக் கட்டில்ல படுக்கிற விடுதியாப் பார்த்து வெளிநாட்டுக்குக் கிளம்பிடுவா.

முதல் தடவை கிளம்பினப்போ அம்மா வாசலை மறிச்சுக்கிட்டா. "தனியா போறதா இருந்தா என் பொணத்தைத் தாண்டிப் போ!"

அந்த அவசரத்துல பொறந்தவங்கதான் டீச்சர். "தனியான்னு யார் சொன்னா? எங்க கிளினிக்குக்கு வர்ற ஒரு டீச்சரும் கூட வர்றாங்க. ரிட்டையர் ஆனவங்க. பூகோள டீச்சர்." பூகோளம்னதும் அம்மா வழியை விட்டுட்டா. உலகத்தையே பாடம் நடத்தினவங்க கூடப் போறா, அப்புறம் என்ன பயம்?

ஒரு பொய் ஒத்தையா நிக்காதில்லையா? "டீச்சர் நம்பரைக் குடு, ஒரு வார்த்தை பேசிடறேன்"னு அம்மா பிடிச்ச பிடியில நின்னா. வேற வழியில்லாம, இவ தன் போன்லயே ரெண்டாவது சிம் ஒண்ணைப் போட்டு டீச்சரைக் குடிவெச்சா. டீச்சருக்குத் தொண்டையில ஆபரேஷன், பேசவே கூடாது, எழுதத்தான் முடியும்னும் சொல்லிவெச்சா. "ஐயோ பாவம், கத்திக் கத்திப் பாடம் எடுத்தே தொண்டை போயிருக்கும்"னு அம்மா உச்சுக்கொட்டினா. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், டைப் பண்ண வராது. அதனால அம்மா வாயால பேசி அனுப்புவா, டீச்சர் எழுதிப் பதில் போடுவாங்க.

அதோட நின்னிருந்தா பரவாயில்லை. ஊர் திரும்பின பிறகும் அம்மா டீச்சரை விடலை. மக வேலைக்குப் போன கையோட ஆரம்பிச்சுடுவா. "டீச்சர், இவ நேத்து சரியாவே சாப்பிடலை. கேட்டா சிடுசிடுங்கறா." "டீச்சர், மருமக போன் பண்ணி மூணு வாரம் ஆச்சு." "டீச்சர், இன்னிக்கு அவரு ஞாபகமாவே இருக்கு." சாப்பாட்டு நேரத்துல அதே இருட்டு ரூம்ல உட்கார்ந்து, பவர்க்காரி ஒவ்வொண்ணா காதுல வெச்சுக் கேட்பா. வீட்டுல "சும்மா இரும்மா"ன்னு எரிஞ்சு விழற விஷயத்துக்கெல்லாம் டீச்சரா உட்கார்ந்து பொறுமையா பதில் எழுதுவா. உள்ளதைச் சொல்லணும்னா, டீச்சருக்கு இவளைவிட நல்ல குணம்.

இந்தத் தடவை மூணாவது வாரமே சலிச்சுப் போச்சு. மேல் கட்டிலுக்கு ஏணியில ஏறும்போது முட்டி ரெண்டும் கதறுது. பாதம் வீங்கி செருப்பு வார் பதிஞ்சிருக்கு. துவைச்ச துணி காயறதுக்குள்ள மூட்டை கட்டினதுல பையே நாறுது. நாலு நாளா பிரெட்டும் வாழைப்பழமும்தான். அன்னிக்குக் காலையில ஒரு மியூசியம் வாசல் வரைக்கும் போயிட்டு, படிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துட்டா. யாரும் எதுவும் கேட்காத இடம் வேணும்னுதான் வருஷா வருஷம் ஓடி வர்றது. இப்போ யாராவது "சாப்பிட்டியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா தேவலைன்னு இருந்தது.

மத்தியானம். ரூம்ல இருந்தவங்க எல்லாரும் வெளிய போயாச்சு. காலைத் தூக்கிச் சுவத்துமேல வெச்சுக்கிட்டு படுத்திருந்தா. அஞ்சு நிமிஷ இடைவெளியில ரெண்டு மெசேஜ் வந்தது.

முதலாவது அவ நம்பருக்கு. அம்மா குரல் கணீர்னு இருந்தது. "நான் நல்லா இருக்கேன்டி. சாப்பிட்டேன், தூங்கினேன், எனக்கென்ன குறை? நீ நிம்மதியா சுத்திப் பாரு."

ரெண்டாவது டீச்சர் நம்பருக்கு. வாய் அதே வாய்தான், குரல் வேற. "டீச்சர், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பெலும்பு உடைஞ்சிருக்காம். நாளன்னைக்கு ஆபரேஷன். பையன் வந்துட்டான், அவனையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. நீங்களும் அவகிட்ட சொல்லிடாதீங்க. வருஷம் பூரா இருட்டுல நிக்கிற பொண்ணு, இந்த ஒரு மாசம்தான் வெளிச்சத்தைப் பார்க்குது. முழுசா பார்த்துட்டு வரட்டும். எனக்குத்தான் பயமா இருக்கு டீச்சர். மயக்க மருந்து குடுத்தா இந்த வயசுல எழுந்திருப்பேனான்னு இருக்கு. உங்ககிட்டதான் சொல்ல முடியுது."

படக்குனு எழுந்ததுல தலை கூரையில இடிச்சுது. அதுகூட உறைக்கலை. டிக்கெட்டை மாத்தி, மறுநாள் காலை விமானத்துல இடம் பிடிச்சா. பிடிச்ச பிறகுதான் புத்திக்கு எட்டுச்சு. போய் நின்னா "உனக்கு எப்படிடி தெரியும்?"னு அம்மா கேட்பாளே, என்னன்னு சொல்றது? பழியைத் தூக்கி டீச்சர் தலையில போட்டா. "மன்னிச்சுக்கோங்கம்மா, மறைக்க முடியலை. சொல்லிட்டேன். அவ நாளைக்குக் கிளம்பறா"ன்னு எழுதினா.

பதில் உடனே வந்தது. "என்ன டீச்சர், உங்களை நம்பித்தானே சொன்னேன்!" கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. "சரி, சொன்னது சொன்னதுதான். ஆனா அவளைத் தனியா ஏத்திவிடாதீங்க. அழுதுக்கிட்டே போய் பாஸ்போர்ட்டை எங்கயாவது விட்டுடுவா. நீங்களும் கூடவே வந்துடுங்க. எட்டு வருஷமா பழகறோம், உங்க முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு தடவை பார்த்துட்டு உள்ள போனா எனக்குத் தைரியமா இருக்கும்."

பவர்க்காரி அதை மூணு தடவை கேட்டா. "எனக்குக் காய்ச்சல், வர முடியாத நிலைமை"ன்னு பாதி எழுதி, அழிச்சா. "என் அக்கா மக வீட்டுல"ன்னு ஆரம்பிச்சு, அதையும் அழிச்சா. உண்மை பேசணும்ங்கிற உயர்ந்த எண்ணமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அலுப்பு. எட்டு வருஷமா ஒரு பையை முதுகுலயும் ஒரு டீச்சரை மடியிலயும் சுமந்த அலுப்பு. இன்னொரு பொய்க்கு உடம்புல தெம்பில்லை.

டீச்சர் நம்பர்லயே பட்டனை அழுத்திப் பேசினா. "அம்மா, நான்தான். டீச்சர்னு யாரும் இல்லைம்மா. எப்பவும் தனியாத்தான் வந்தேன். இப்பவும் தனியாத்தான் வர்றேன்."

அப்புறம் போன் அடிச்சுது. டீச்சர் நம்பருக்கு அம்மா கூப்பிடறது அதுதான் முதல் தடவை.

நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நினைச்சுத்தான் எடுத்தா. அம்மா திட்டலை. ஆஸ்பத்திரியில யாரோ வண்டி தள்ளிட்டுப் போற சத்தம் கேட்டுது.

"அந்தத் தொண்டை ஆபரேஷன்?"

"பொய்ம்மா."

"வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேனே. தேவலைன்னு எழுதினாங்களே?"

"நான்தான் எழுதினேன்."

"அவங்களுக்குப் பேச்சு வரணும்னு தினம் வேண்டிக்கிட்டேனேடி, பாவி!"

இவ போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டா.

"எனக்குன்னு இருந்த ஒரே சிநேகிதிடி அவங்க." அம்மா விட்டு அழுதா. "மனசுல இருக்கிறதை இனிமே நான் யாருகிட்ட போய்க் கொட்டுவேன்?"

"என்கிட்ட சொல்லும்மா."

"உன்கிட்டயா? நீதான் வாயைத் திறந்தாலே சும்மா இருங்கறியே."

"சொல்ல மாட்டேன்மா. இனிமே சத்தியமா சொல்ல மாட்டேன்."

அம்மா மூக்கை உறிஞ்சினா.

"பயமா இருக்குடி"ன்னா.