புதிய தேதியுள்ள கோப்பு

எனக்குக் கம்ப்யூட்டரில் உருப்படியாகத் தெரிந்தது எக்செல் மட்டும்தான். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. நான் எழுதிவைத்த மேக்ரோக்களால்தான் அங்கே பாதி வேலை ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. மேக்ரோ பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை எக்செலுக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தியதும் அதுவே செய்து முடித்துவிடும். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறோம். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்பே அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, லேப்டாப்பில் ஒரு மென்பொருளில் ஏற்றிக் கொடுத்தோம். திரையில் கட்டம் கட்டமாகப் பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால், "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியா?" என்று அவள் குரலிலேயே கேட்கும். இன்னொன்று, "வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்க, சும்மா வந்து நின்னுக்கினு இருக்காத." மாமாவுக்கென்று தனி வரிசையே இருந்தது, பெரும்பாலும் திட்டு. பதிவில் இல்லாததைச் சொல்ல வேண்டுமென்றால் தட்டச்சு செய்வாள். அதை மட்டும் மென்பொருளோடு வந்த யாரோ ஒரு பெண்ணின் குரல், செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கும். அக்காவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே ஆகாது.

லேப்டாப் பழசாகி நின்று நின்று ஓட ஆரம்பித்தது. புதியது வாங்கி, மென்பொருளை அதில் ஏற்றி, ஓடுகிறதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்தேன். பொத்தான்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. எந்தப் பொத்தானுக்கு எந்தப் பதிவு என்கிற விவரம் ஒரு சின்ன அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அது எந்த ஃபோல்டரில் ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. மென்பொருளை விற்றவரின் போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை. வேறு யாராவது என்றால் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் எக்செலைத் திறந்தேன்.

பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புதிய லேப்டாப்போடு கேபிளில் இணைத்தேன். எல்லா ஃபோல்டர்களிலும் நுழைந்து தேடும் மேக்ரோ ஒன்றை ஆபீஸிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். கல்லூரியில் ஒரே மதிப்பெண் கோப்பு ஆளுக்கு ஒரு பிரதியாக நாலு கம்ப்யூட்டரில் கிடக்கும். எது சரி என்று தினமும் சண்டை. அதற்காக எழுதியது அது. ஒரே பெயரில் கோப்புகள் இருந்தால் புதிய தேதியுள்ளதுதான் சரியானது என்று வைத்துக்கொண்டு, அதையே பழையவற்றின் மேல் எழுதிவிடும். எங்கள் அலுவலகத்தில் அதுதான் சட்டம்.

பொத்தானை அழுத்தினேன். எக்செலில் வரிசை வரிசையாகக் கோப்புகளின் முகவரிகள் இறங்கின. மறைத்துவைத்த ஃபோல்டருக்குள் இருந்த கோப்பு சிக்கியதும், "கெடச்சிச்சு பாரு" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று அவளுடையது. மற்றது, நான் புதிய லேப்டாப்பில் மென்பொருளைத் திறந்தபோது அதுவே உண்டாக்கிக்கொண்ட வெற்றுக் கோப்பு. அன்றைய தேதி அதற்குத்தான். என் மேக்ரோ சட்டப்படி அந்த வெறுமையை அக்காவின் கோப்பின் மேல் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்றது. அவளிடம் அப்போதே சொன்னேன்.

பதிவுகள் அப்படியே இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் எண். எது என்ன என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். அவற்றைப் புதிய லேப்டாப்பில் ஏற்றி, மறுபடி எக்செலில்தான் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தொட்டால் ஒலிக்கும்படி செய்தேன். கேட்டுவிட்டு, பக்கத்தில் எந்தப் பொத்தானுக்கு என்று அவள் எழுத வேண்டும். முதல் பதிவு ஒலித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னையும் மாமாவையும் வெளியே போகச் சைகை காட்டினாள்.

மாமா வானூர் பக்கம் மேஸ்திரி வேலை பார்க்கிறார். அன்று ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தோம். "வுடு மச்சான், வேணும்னேவா பண்ண?" என்றார். அவர் நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மத்தியானம் தாண்டித்தான் அக்கா கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எழுத வேண்டிய இடத்தில் முதல் சில வரிகள்தான் நிரம்பியிருந்தன. மற்றது எல்லாம் காலி. தட்டச்சு செய்தாள். அந்தச் செய்தி வாசிப்புக் குரல் பேசியது.

"போதும்டா. இந்தக் கொரலே இருக்கட்டும்."

"அக்கா, நான் கேட்டு எழுதித் தர்றேன். நீ கேக்கவே வேணாம்."

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நெடுநேரம் தட்டினாள். "ஒண்ணொண்ணா அழுத்துறப்ப நான்தான் பேசறேன்னு இருந்துச்சு. மொத்தமா கேட்டா அவ வேற யாரோ. வரப்போறது எதுவும் அவளுக்குத் தெரியல. சிரிச்சிக்கினு பேசறா."

நோய் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததை நான் எடுத்துவிட்டேன். என்னதான் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொண்டாலும், கம்ப்யூட்டர் கடையில் காட்டியிருந்தால் நடந்திருக்காது. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அவள் குரல்தானா கிடைத்தது?

இப்போது அந்தக் கடையில் ஜாக்கெட் அளவு கேட்பது அந்தச் செய்தி வாசிக்கும் பெண்தான். வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. அக்கா என்மேல் கோபமாக இல்லை. நான் போனால், "சாப்ட்டியாடா?" என்று அந்தக் குரலில் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்ததில்லை.

போன மாதம் அக்கா துணி எடுக்கப் போயிருந்தபோது, மாமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"அவ பேசனதெல்லாம் எங்க வெச்சிருக்க மச்சான்?"

"எல்லாம் பத்திரமா இருக்கு மாமா."

"அது தெரியும். தேடத்தான் எனக்குத் தெரியல. தொட்டா பேசற மாதிரி எடுத்து வெளிய வை. அவ இல்லாதப்ப கேட்டுக்கறேன்."