மிதியில் இருந்த கால்

எங்கள் எக்ஸ்ரே அறையில் பட்டாசு அக்கா என்றால் பெரிய டாக்டர்கள்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார்கள். வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று அவள் புருஷன் சொல்வார். மனுஷன் கொடுத்துவைத்தவர். அவள் படம் எடுப்பவள். நான் நர்ஸ், குழந்தைகளுக்குக் குழாய் வைப்பது என் வேலை.

சில குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியே வராமல் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அதைக் கண்டுபிடிக்க, மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்போம். தரையில் ஒரு மிதி இருக்கும். மிதித்திருக்கும் வரை கதிர் பாயும், காலை எடுத்தால் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் அக்கா இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள்.

அன்றைக்கு வந்தவள் ஆறு வயதுப் பெண். வயிறு முட்ட நிரம்பியும் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சுற்றி நின்று நாங்கள் எல்லோரும் போ, போ என்று உயிரை வாங்கினோம். ஒரு சொட்டு வரவில்லை. டாக்டர் மிதியிலிருந்து காலை எடுக்கவேயில்லை. அந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுபடி குழாய், மறுபடி மருந்து என்பது அவர் கவலை. நேரம் நீண்டால் எச்சரிக்கும் மணி அடித்தது. திரையைப் பார்த்தபடியே கையை நீட்டி, ஈ ஓட்டுவதுபோல அதை நிறுத்தினார். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். எல்லாம் தெரிந்த மனுஷர். வளர்கிற உடம்பு, நாளைக்கு ஒரு பிள்ளை தங்கவேண்டிய இடம், அதன்மேல் அல்லவா கதிர் கொட்டிக்கொண்டிருந்தது!

"காலை எடுங்க சார்," என்றாள் அக்கா.

"இப்ப வந்துரும்மா."

"வரும்போது மிதிங்க. உங்க பொண்ணு படுத்திருந்தா இப்படி மிதிச்சுக்கிட்டே நிப்பீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் காலை எடுத்தார்.

அடுத்த அர்ச்சனை எங்களுக்கு. இது என்ன சந்தைக்கடையா என்று ஆளைக் குறைத்தாள், விளக்கைத் தணித்தாள், கை கழுவும் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் வெளியே இருந்த தாய்க்குக் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டி உள்ளே அழைத்துவந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் குழந்தை இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டது.

"போயிரு கண்ணு," என்று அந்தத் தாய் கெஞ்சினாள்.

குழந்தை அக்காவின் கையைப் பிடித்தது. "அம்மாவை வெளிய போகச் சொல்லுங்க. படுத்துக்கிட்டே போனா அடிப்பாங்க."

தாய் அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே போனாள். கதவு சாத்தியதுதான் தாமதம், குழந்தைக்கு வந்துவிட்டது. டாக்டர் மிதித்தார், எடுத்தார், மிதித்தார், எடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. சிறுநீர் மேலே ஏறுவது படத்தில் பளிச்சென்று தெரிந்தது.

அக்கா விறுவிறுவென்று வெளியே போனாள். எனக்கும் அந்தத் தாயை நாலு வார்த்தை கேட்க வேண்டியிருந்ததால் பின்னாலேயே போனேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நோய் இருக்கிறது, அதனால்தான் பிள்ளை படுக்கையை நனைத்திருக்கிறாள் என்று அக்கா சொன்னாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேனே என்று தாய் முனகினாள். பிறகு, மணி அடித்தது கேட்டது, பிள்ளைக்கு நிறையக் கதிர் பட்டுவிட்டதா என்று கேட்டாள்.

"தேவைக்கு மேலதான் பட்டிருக்கு," என்றாள் அக்கா. "பாதி டாக்டர் கால். பாதி உன் கை."