ஜுரம் விட்ட மூன்றாம் நாள்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி ஒன்றின் பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்தவர். கையெல்லாம் தோகை கிழித்த கோடுகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய், தீவிர சிகிச்சை அறைக் கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துவிட்டு வருவார்.

நானோ ரோஜா முள் குத்திய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி, என் கருமாதிப் பந்தியில் யார் யார் அழாமல் சாப்பிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“உள்ள யாருங்க?” என்றேன்.

“பொண்டாட்டி சார். கரும்புக் கட்டை கால்ல குத்திச்சி. வெட்டு முடியட்டும்னு துணியச் சுத்திக்கினு வெட்டிச்சி. ரெண்டு நாள் நெருப்பா காஞ்சிது. மூணாம் நாள் ஒடம்பு சில்லுன்னு ஆயிடுச்சி. ஜொரம் வுட்டுப்போச்சின்னு நான் சந்தோசமா வேலைக்குப் போய்ட்டேன். சாயங்காலம் வந்தா, என்னையே யாருன்னு கேக்குது.”

டாக்டர் அதற்கு செப்சிஸ் என்று பேர் சொன்னாராம். காயத்துக் கிருமியோடு மல்லுக்கட்டி, உடம்பு தன்னையே அழித்துக்கொள்வது. சில்லிட்டபோதே தூக்கி வந்திருக்க வேண்டுமாம்.

“உங்களுக்கு இன்னா சார்?”

“முள்ளுங்க. பயந்து ஓடியாந்துட்டேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன்.

“பயந்தது நல்லது சார். எனக்கு அது வரலியே.”

கதவு திறந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். நர்ஸின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. மடியிலிருந்த பிளாஸ்கை என்னிடம் நீட்டினார்.

“கஞ்சி சார். சாயாம புடிங்க. கண்ணு முழிச்சா கேக்கும்.”

தூக்கிப் பிடித்திருந்த கட்டைவிரலை இறக்கி, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.