வானத்தில் பதிந்த கை

சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் மாடியில் ஒரு கல்லச்சுப் படம் மாட்டியிருக்கிறது. கடலில் படகில் நின்று பார்த்தால் நகரம் எப்படித் தெரியுமோ, அந்தக் காட்சி. ஆனால் வீடுகள் வீடுகள் மாதிரி இருக்காது. கறுப்புக் கட்டங்கள், சாய்ந்த கோடுகள், நடுவில் கலங்கரை விளக்கம் என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கம்பம். அதற்கு மேல் வெறும் வானம். அந்த வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கை. வரைந்தவர் பக்தவச்சலம் என்று கீழே எழுதியிருக்கிறது. கை மரக்காணம் சாலம்மாளுடையது. அதை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

சாலம்மாள் அக்கா எங்கள் எதிர்வீடு. உப்பளத்தில் கூடை சுமப்பவள். உப்புத்தண்ணீர் தோலை வெடிக்க வைக்கும் என்பதால், எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் உள்ளங்கையிலும் பாதத்திலும் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அளத்துக்குப் போவார்கள். வேலை இல்லாத நாளிலும் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும்.

1973 ஐப்பசி மழையில் பாத்திகளெல்லாம் முழுகிவிட்டன. பொங்கல் வரை வேலை கிடையாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. அக்கா புதுச்சேரியில் கலியபெருமாளின் கல்லச்சுக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அச்சுக் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, பழைய படம் போகும்வரை இன்னொரு கல்லால் தேய்ப்பது அவள் வேலை. பாத்தியை மட்டம் பார்த்த கண். "அண்ணே, இந்த ஓரத்துல தண்ணி நிக்குது, பள்ளம்" என்பாள். கலியபெருமாள் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். பள்ளம்தான்.

"கல்லு முகத்துல மட்டும் கைய வைக்காத" என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அழுக்கு படக்கூடாது என்று சொல்கிறார்போல, என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அதனால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கல்லைத் தொடுவாள்.

பக்தவச்சலத்துக்காகத் தேய்த்த கல்லைக் கலியபெருமாளும் அக்காவும் மேசையில் ஏற்றும்போது அது சரிந்தது. அவர் குனிந்து மேசைக் காலை நகர்த்துவதற்குள் அக்கா உள்ளங்கையால் கல்லை அழுத்திப் பிடித்தாள். பிறகு ஈரத்துணியால் துடைத்தாள். கல்லில் ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கல்லில் பக்தவச்சலம் எண்ணெய்ப் பசை உள்ள பென்சிலால் ஒன்பது நாள் வரைந்தார். பத்தாம் நாள் மை உருட்டி முதல் தாளை எடுத்தார்கள். வானத்தில் கை இருந்தது.

"கலியபெருமாள், இது யார் கை?" என்றார் பக்தவச்சலம். குரல் உயரவில்லை. "ஒன்பது நாள் வேலைப்பா. இனிமே உன்கிட்ட எப்படி வேலையக் குடுப்பேன்?"

"என் கையாத்தான் சார் இருக்கும்" என்றார் கலியபெருமாள். வேறு யாரைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்கா வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். கூடை விழுந்து வளைந்துபோன சுண்டுவிரல் தாளில் அப்படியே இருந்தது. சொன்னால் பொங்கல் வரை வேலை இல்லை. சொல்லாவிட்டால் கலியபெருமாளுக்கு இந்த ஆள் இனி வேலை தரமாட்டார். சல்லடையை இன்னும் இரண்டு தரம் ஆட்டினாள். பிறகு உள்ளே போனாள்.

"சார், அது என் கைங்க."

உள்ளங்கையை மேலே திருப்பித் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் பொருந்தியது.

"சோப்புப் போட்டுக் கழுவினேங்க."

கலியபெருமாள் அவள் கையைத் தடவிப் பார்த்தார். "எண்ணெ தோலுக்குள்ள ஊறியிருக்குது சார். மை எண்ணெயத்தானே பிடிக்கும்? கல்லு எங்க கேக்கப்போவுது, இது படமா கையான்னு."

"சுரண்டிடலாமா?" என்றார் பக்தவச்சலம்.

"அடிக்கை கட்டடத்தத் தொட்டுட்டு நிக்குது சார். சுரண்டினா அதுவும் சேந்து போயிடும்."

பக்தவச்சலம் தாளைச் சன்னலருகே வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். "எனக்குப் பிடிக்கல" என்றார். "ஆனா அச்சுக்கு நனைச்சு வெச்ச தாள் காஞ்சிடும். போடு." பன்னிரண்டு தாள் போட்டார்கள்.

அவர் போன பிறகு கலியபெருமாள் சொன்னார்: "ஏம்மா, எண்ணெய விட்டுடு, இல்லன்னா வேலைய விட்டுடு."

அக்கா எண்ணெயை விட்டாள். தை மாதம் அளம் திறந்தபோது வெறுங்கையோடு போனாள். மூன்றே நாளில் உள்ளங்கை பிளந்து, கூடை விளிம்பில் ரத்தம் ஒட்டியது. மறுபடி ஐப்பசி வந்தபோது, அந்தக் கையைப் பார்த்துக் கலியபெருமாள் ரப்பர் கையுறை வாங்கி வைத்தார்; அக்கா மறுபடி எண்ணெய் தேய்க்கலாம். அக்கா இன்றும் மழைக்காலத்தில் அங்கேதான் போகிறாள்.

பன்னிரண்டில் ஒரு தாளை அருங்காட்சியகம் வாங்கியிருக்கிறது என்று கலியபெருமாள்தான் சொன்னார். போன மாதம் அக்காவும் நானும் பஸ் ஏறிப் போனோம். படத்தின் முன்னால் அக்கா நிமிர்ந்து நின்று, கட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாகத்தான் கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம் தன் விரலைக் கொண்டுபோனாள்.

காவலாளி எழுந்து வந்தார். "ஏம்மா, படத்துமேல கைய வைக்காதீங்க."

"வெச்சு மூணு வருஷமாச்சுப்பா" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.