நான் ஜெயித்த சேவல்

பந்துக்கு மீன் எண்ணெய் வாசனை அடிக்கும்.

தோல் பந்து. மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், அதனால் எண்ணெய் தடவி வைப்போம். துறைமுகத்துக் கரித்தூள் அதன்மேல் ஒட்டி, நாலு நாளில் பந்து கறுத்துப்போகும். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறவன் நான். சட்டைக் கறுப்பும் எனக்குத்தான், நாற்றமும் எனக்குத்தான்.

ஆமாம்... ராயபுரத்தில் எங்கள் தெரு டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். பேர் சூசை. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள். நடுவில் சிரித்தால் நிறுத்திவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நாக் அவுட் மேட்ச் வந்தால் சீட்டுப் போடுவோம். எந்த டீம் ஜெயிக்கும், எத்தனை கோல்... சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதி, பேரையும் போட்டு, அண்ணாச்சி மளிகைக் கடையில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். மேட்ச் முடிந்த பிறகுதான் டின் திறக்கும். தப்பாக எழுதியவர்கள், சரியாக எழுதியவனுக்கு டீயும் பொறை பிஸ்கட்டும் வாங்கித் தர வேண்டும். இந்தக் கூத்தை ஆரம்பித்து நடத்தியவன் நான்தான். விளையாடுகிறவனும் சீட்டுப் போடலாம். எல்லாரும் தோஸ்துதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

என் சீட்டில் மட்டும் எப்போதும் எங்கள் டீம் தோற்கும்.

காரணம் உண்டு. என் நைனா கட்டுமரக்காரர். அவர் கடலுக்குப் புறப்படும்போது, நல்ல மீன் கிடைக்கும் என்று வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால், "இன்னா கெடைக்கப்போவுது, சும்மா தண்ணியப் பாத்துட்டு வரேன்" என்பார். ஆசையை வெளியே சொன்னால் அது நடக்காது என்று பயம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஜெயிப்போம் என்று எழுதக் கை வராது.

நாங்களோ ஜெயித்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு தடவையும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பவன் ஆரோக்கியம். பக்கத்து வீட்டுக்காரன், அவன் அப்பாவும் எங்கள் நைனாவோடு கடலுக்குப் போகிறவர். டீமில் பேக். கோலுக்கு வரும் ஆளை எனக்கு முன்னால் நின்று தடுப்பவன். நீ தோப்போம் என்று எழுதினால்தான் நாம் ஜெயிக்கிறோம், எழுது மாமு என்று அவனே அட்டையைக் கிழித்துக் கொடுப்பான். நான் ஏன் அப்படி எழுதுகிறேன் என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

ஃபைனலுக்கு டீ போதாது என்று எல்லாரும் சேர்ந்து பரிசுக்கு ஒரு சேவல் வாங்கினோம். அது கடை வாசலில் கட்டிக் கிடந்து கத்தித் தீர்த்தது.

எனக்குச் சேவல் பெரிதில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஆபீசர் மேட்ச் பார்க்க வருகிறார், நன்றாக ஆடுகிற ஒருத்தனுக்குக் கம்பெனி டீமில் இடமும் மாதச் சம்பள வேலையும் என்று பேச்சு. அந்த வேலைக்காக நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். ஆசை பெரிதானதால் பயமும் பெரிதானது. ரெண்டுக்கு ஒன்று தோற்போம் என்று எழுதிப் போட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று... முடிகிற நேரம். பந்து ஆரோக்கியத்தின் காலில். தூக்கி அடித்திருந்தால் தீர்ந்தது. ஆபீசர் பார்க்கிறாரே! நின்று இரண்டு பேருக்குப் போக்குக் காட்டினான், மூன்றாவது ஆள் பிடுங்கிக்கொண்டு கிட்டே வந்து அடித்தான். பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டு உள்ளே போய்விட்டது.

கடை வாசலில் அண்ணாச்சி டின்னைத் திறந்து படித்தார். எல்லாச் சீட்டிலும் எங்கள் டீம்தான் ஜெயிக்கிறது. கடைசியாக என் பேர்... ரெண்டுக்கு ஒன்று, தோல்வி.

ஒருத்தன் சேவலை அவிழ்த்து என் மடியில் போட்டான்.

"எட்த்துக்க. இதுக்குத்தானே பந்த வுட்ட?"

நான் எப்போதும் இப்படித்தானே எழுதுகிறேன் என்றேன். அதெல்லாம் இதற்காகப் போட்ட நாடகம் என்றார்கள். அண்ணாச்சி நமக்கெதற்கு வம்பு என்று பருப்பு நிறுக்கப் போய்விட்டார். நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன்.

"நீ சொல்லு மாமு, நான் ஏன் அப்டி எய்தறேன்னு."

அவன் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். "எனுக்கு இன்னா தெரியும்?"

என் கதை ஆபீசர் காது வரை போயிற்று. வேலை ஆரோக்கியத்துக்குக் கிடைத்தது. எங்கள் டீமிலும் என்னைச் சேர்க்கவில்லை. உடம்பில் தெம்பு இருக்கும் வரை துறைமுகத்தில் கரி சுமந்தேன். சேவலை அறுத்துத் தின்றால் அதற்காகப் பந்தை விட்டேன் என்பது உண்மையாகிவிடும் என்று அம்மா தொடவில்லை. அது தினமும் விடியற்காலையில் கூவித் தெருவுக்கே ஞாபகப்படுத்தியது. அது செத்தும் 'சேவல் சூசை' என்ற பேர் சாகவில்லை.

இப்போது பேத்தியும் போனில் இதே ஆட்டம்தான் ஆடுகிறாள். தனக்குப் பிடித்த டீம் தோற்கும் என்று போடுகிறாள், தோற்றால் பாயிண்ட் வருகிறது, சிநேகிதிகள் ஆடுகிற பொம்மைப் படம் அனுப்புகிறார்கள். மேட்சை விற்றுவிட்டாயா என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன்...

போன மாதம் ஆரோக்கியம் போய்விட்டான். ஒரே தெருவில் ஒரு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவன். மன்னித்துவிடலாம் என்று நினைத்துத்தான் சாவு வீட்டுக்குப் போனேன். அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பா சொல்லிக்கினே இருப்பாரு பெரிப்பா. ஃபைனல்ல தோத்தது என்னாலதான், சூசை மேல தப்பே இல்லன்னு."

எங்கே சொன்னான் என்று கேட்டேன்.

"வூட்லதான். சாப்புடறப்ப."

அண்ணாச்சி கடை அவன் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவ வாசலுக்கு வரும்போது ஒரு தடவை சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும்.