இளவரசன் கதைக்கு எத்தனை வயது

பெருங்களத்தூரில் விஷ்ணுப்ரியா குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு சின்ன நூலகம் உண்டு. அங்கே வரும் ஒவ்வொரு கதைப் புத்தகத்தையும் படித்து, எந்த வயதுக்கு என்று ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, பேச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அவள் கணக்கு எளிது. முத்தம் இல்லையென்றால் பச்சை. முத்தம் இருந்தால் மஞ்சள், பதின்மூன்றுக்கு மேல். அறைக்கதவு சாத்தப்பட்டால் சிவப்பு.

இந்த முறை வந்தது ஓர் இளவரசன் கதை. சாதாரணக் கல்லூரிப் பெண்ணைக் காதலித்து அரண்மனைக்குக் கூட்டிப்போகிறான். மூன்றாவது மாடி ஷீலா அதை ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பே தன் மகள் கையில் பார்த்துவிட்டு, வாட்ஸப் குரூப்பில் பொரிந்து தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விஷ்ணுப்ரியா தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

கூடுவாஞ்சேரி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகும் ரயிலில், அட்டையைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு படித்தாள். நாற்பது தாண்டியவள் கையில் கிரீடம் போட்ட அட்டை இருந்தால் பக்கத்து சீட் சும்மா இருக்குமா?

உண்மையைச் சொன்னால் கதை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நடை சுமார்தான். ஆனால் அந்தப் பெண் வாயாடி, கெட்டிக்காரி, மகாராணியையே மடக்குகிறாள். முத்தம் இரண்டே இரண்டு. மஞ்சள் போதும். ஆனாலும் என்னவோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. ஊரப்பாக்கம் தாண்டும்போது புரட்டினாள், அலுவலகத்தில் ஃபைலுக்கு நடுவே வைத்து மறுபடி புரட்டினாள். இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் சின்மயியிடமே கேட்டாள். எட்டாவது படிக்கும் சின்மயி, ஷீலாவின் மகளிடம் வாங்கி எப்போதோ முடித்திருந்தாள்.

“எந்த இடம்டி உனக்குப் பிடிச்சுது?”

“அவ போனை வாங்கி அவன் எல்லா மெசேஜையும் படிப்பான் இல்ல, அந்த சீன்மா. எவ்ளோ கேரிங்! அப்பா டெய்லி உன் போனை செக் பண்றாரே, அந்த மாதிரி.”

விஷ்ணுப்ரியா புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடினாள். அந்தப் பக்கத்தை அவளும் படித்தவள்தான், முத்தத்தைத் தேடுகிற அவசரத்தில் தாண்டிப்போயிருந்தாள். தாண்டிப்போவது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே நல்ல பழக்கம். கணவன் கிரீஷ் கெட்டவன் இல்லை. கை ஓங்கியதில்லை. “சும்மாதான் பார்க்கறேன்” என்பான், அவளும் சும்மாதானே என்று போனை நீட்டிவிடுவாள். நாளைக்குச் சின்மயியும் எவனிடமோ இப்படி நீட்டுவாளே என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தை நடத்தியது கிரீஷ். அவன்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

“ப்ரியா, சட்டுனு சொல்லு. கிஸ் சீன் இருக்கா, இல்லையா?”

“ரெண்டு இருக்கு. அதனால ஒண்ணும் குடி முழுகிப் போகாது, பதிமூணு வயசுல படிக்கலாம். ஆனா அவன் அவ போனை வாங்கிப் படிக்கறதை லவ்னு எழுதியிருக்காங்க. அது லவ் இல்லைன்னு வீட்ல சொல்லிட்டுக் குடுக்கணும்.”

“இதெல்லாம் ஒரு மேட்டரா ப்ரியா? எங்க வீட்டுக்காரரும்தான் பார்ப்பார்” என்றாள் ஷீலா. நாலு பேர் சிரித்தார்கள்.

கிரீஷும் சிரித்தான். “நான்கூடத்தான் பார்க்கறேன்.”

“ஆமா, பார்க்கறே” என்றாள் விஷ்ணுப்ரியா. “அதான் சொல்றேன்.”

சிரிப்பு நின்றது. கடைசி நாற்காலியிலிருந்து சின்மயி எழுந்தாள்.

“அப்போ அது லவ் இல்லையாப்பா?”